குழிந்த முகம் பதிந்த ரூபாய்

இந்த நாணயப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். பெருமையாகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. அவற்றை மற்றவர்கள் ஏற்கனவே சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவதும் உங்கள் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் சிரிப்புக் கதையாகத்தான் விழுந்திருக்கும். பசறைக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிய அதிகாரியம்மா என்று. அது நான்தான். ஏன் ஏறி இறங்கினேன் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

நம் வேலையின் அடிக்கேள்வி ஒன்றுதான். காசில் ஒரு குறை இருக்கிறது. அது நாணயச்சாலைக்குள் நேர்ந்ததா, வெளியே வந்தபிறகு நேர்ந்ததா? அச்சில் வெடிப்பு விழுந்திருக்கலாம். காசாக அடிக்க வைத்த வெள்ளி வில்லை சற்று விலகி நின்றபோது அச்சு இறங்கியிருக்கலாம். அல்லது யாரோ வீட்டில் சுத்தியலால் அடித்துப் பார்த்திருக்கலாம். காசைப் பார்த்து இதைச் சொல்லப் பழகிவிடலாம். உங்களில் சிலர் என்னைவிட விரைவாகப் பழகுவீர்கள். நான் சொல்லவந்தது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி.

தவறாக அடிக்கப்பட்ட பழைய காசு பெரிய விலைக்குப் போகும் என்று கைத்தொலைபேசியில் வீடியோக்கள் பரவத் தொடங்கியதிலிருந்து பதுளையில் எங்கள் அறைக்கு ஆட்கள் வருவது கூடிப்போனது. ஹாலிஎலவிலிருந்து ஒருவர் தட்டையாக நீண்டுபோன ஒரு சதக் காசைக் கொண்டுவந்தார். "இது நாணயச்சாலையில நடந்ததில்லை ஐயா, உங்கட ஊர் தண்டவாளத்தில நடந்தது" என்றேன். அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறேன் என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. கேட்கிறவர்கள் நிறைந்த அறையில் தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து, பஸ்கள் மீண்டும் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த காலம். பசறைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வாடகை வான் ஒன்றில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கோயில் கமிட்டித் தலைவர், கமிட்டிக்காரர் நாலைந்து பேர், அவர்களுக்கு நடுவே தலையைக் குனிந்தபடி ஒரு மெலிந்த மனிதர். அவர் பசறையில் சிறு கடை வைத்து வெள்ளி வேலை செய்துவந்த சண்முகம் ஆசாரி.

தலைவர் மஞ்சள் துணியில் முடிந்திருந்த ஒரு காசை என் மேசையில் வைத்தார்.

"மிஸ், இது எங்க மாரியம்மனோட காசுமாலையில உள்ள காசுங்க. அந்தக் காலத்துல எங்க ஆளுங்க இந்தியாவுலேருந்து கொண்டாந்த வெள்ளி ரூவா. ரெண்டு வளையம் அத்துப்போச்சுன்னு மாலைய இவருகிட்ட குடுத்தோம். திரும்பி வந்த மாலைய அம்மனுக்குச் சாத்தப்போறப்ப பூசாரி இதப் பாத்துட்டாரு. திருப்பிப் பாருங்க."

ஒரு பக்கம் ராணியின் தலை, தேய்ந்து தட்டையாக இருந்தது. மறுபக்கத்தில் மாலைவடிவக் கொடிக்கு நடுவே ஒரு ரூபாய் என்ற எழுத்து இருக்க வேண்டும். அது இல்லை. அங்கேயும் ராணியின் தலைதான் இருந்தது. ஆனால் உள்ளே குழிந்து, இடம் வலமாக மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல. களிமண்ணில் முகத்தை அழுத்தி எடுத்ததுபோல இருந்தது.

"அம்மனோட காச இப்புடிப் பண்ணி வச்சிருக்காருன்னு நாங்க சொல்றோம். இல்லேங்கிறாரு. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா ரெண்டு பக்கமும் ஏத்துக்கிறோம்."

"நா வளையத்த மட்டுந்தாங்க பத்த வச்சேன்" என்றார் ஆசாரி. 

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன்.  வெளியே வான்காரர் எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்தார். எனக்கு இப்படிப்பட்ட காசுகளைத் தெரியும். காசுக்கு மேல் இன்னொரு காசை வைத்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் கொடுத்து இறுக்கினால், மேற்காசின் முகம் கீழ்க்காசில் குழியாகப் பதியும். அப்போது மறுபக்கம் வைஸின் தாடையில் நசுங்கித் தட்டையாகும். இந்தக் காசின் ஒரு முகம் குழி, மறுமுகம் தட்டை. பொருந்தியது.

காசை வைத்துவிட்டுப் போங்கள், ஒரு கிழமை கழித்து வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமும் இருந்தது. ஆனால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது நாணயச்சாலையில வந்த பிழையில்லை. ஆரோ வைஸில வைச்சு நெரிச்சிருக்கினம்" என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, ஆசாரியின் பக்கம் திரும்பினேன். "உங்களிட்ட வைஸ் இருக்கோ?"

"இருக்குங்க" என்றார் அவர். "எல்லா ஆசாரிகிட்டயும் இருக்குங்களே."

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா?"

அவ்வளவுதான். அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். காசைப் பற்றிக் கேட்டார்கள்; காசைப் பற்றிச் சொன்னேன். ஆளைக் காட்டும்படி என்னை யாரும் கேட்கவில்லை. நானாகக் காட்டினேன். போகும்போது ஆசாரி என்னைக் கும்பிட்டார். அதிகாரிகளைக் கண்டால் கும்பிடும் பழக்கம். பதிலுக்கு நான் தலையசைத்தேன். காசின் இரண்டு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தேன். காசை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

சில மாதம் கழித்து எங்கள் அலுவலகத்தில் வேலை செய்த பசறைக்காரர் ஒருவர் சொன்னார்: "மிஸ், அந்த ஆசாரி கடைய மூடிட்டாரு. ஊர்ல யாரும் சாமான் குடுக்கிறதில்ல. குடுத்திருந்தவங்களும் திருப்பி வாங்கிட்டாங்க. மொனராகலைப் பக்கம் மச்சான் வீட்டுக்குப் போயிட்டாராம்." கேட்டபோது எனக்கு வருத்தம் வரவில்லை. என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பா என்றுதான் முதலில் தோன்றியது. இதை உங்களிடம் சொல்வதற்கு எனக்கு நாக்கூசுகிறது.

அதன் பிறகு பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கண்காட்சி ஒழுங்கு செய்தோம். நாணயச்சாலைப் பிழைகள் ஒரு பலகையில், வெளியே நேர்ந்த சேதங்கள் இன்னொரு பலகையில். இரண்டாவது பலகைக்கு அந்த அம்மன் காசைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று நினைத்து, படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கினேன்.

முதலில் கண்ணில் பட்டவை எழுத்துகள். குழிந்த முகத்தைச் சுற்றி, இடம் வலமாக மாறிய எழுத்துகள் விளிம்புவரை ஒரே ஆழத்தில் ஓடின. வைஸில் நெரித்தால் நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் விழும். அடுத்து, அந்தக் குழிக்கு அடியில் பழைய கொடியையும் எழுத்தையும் தேடினேன். வெளியே நெரித்த காசென்றால், முன்பிருந்த வடிவத்தின் மிச்சம் எங்காவது ஒரு கீற்றாவது இருக்கும். எதுவுமே இல்லை. அந்தப் பக்கத்தில் கொடியும் எழுத்தும் ஒருநாளும் இருந்ததே இல்லை.

காலை நேரம், பக்கத்து மேசைக்காரர் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். நான் படத்தை இன்னும் பெரிதாக்கினேன்.

இப்படி நடப்பதுண்டு. அடிக்கப்பட்ட காசு ஒன்று கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை அடித்தால், ஒரு பக்கம் அச்சின் முகம் சரியாக விழும். மறுபக்கத்தில் அச்சு விழாமல், ஒட்டியிருந்த காசின் முகம் குழியாக விழும். அந்த ரூபாய் பிறந்ததே அப்படித்தான். ஆனால் ராணியின் தலை ஏன் தட்டையாக இருந்தது? அதுதான் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே பிடிமானம். உண்மையைச் சொன்னால், அந்தத் தட்டையாவது என்னைக் காப்பாற்றாதா என்று ஏங்கினேன்.

பணிப்பாளரிடம் போனேன். நல்ல மனிதர், சிங்களத்தில் மெதுவாகப் பேசுவார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கள் எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லையே? அப்படியென்றால் திருத்துவதற்கும் ஒன்றுமில்லை. இனிக் கவனமாக இருங்கள். அங்கே போனால் இனி நாம் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்."

அவர் சொன்னது அலுவலக முறைப்படி சரி. எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலோடு சில நாட்களை ஓட்டினேன். ஆனால் எழுத்தில் இருந்திருந்தால் ஒரு திருத்தக் கடிதம் போட்டிருக்கலாம். நான் சொன்னது வாய்ச்சொல். அது பதுளையிலிருந்து பசறைக்கும், பசறையிலிருந்து தோட்டத்துக்கும் வாய்வழியாகப் போய்விட்டது. அதைப் பிடித்து நிறுத்தக் கடிதத்தால் முடியாது. விடுமுறை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தோட்டத்தில் தலைவரைத் தேடிப் பிடித்து, மாலை முழுவதையும் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. தட்டையான முகம் என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டால் ஒன்றும் சொல்லாமலே திரும்பிவிடலாம் என்ற எண்ணம் இன்னும் இருந்தது. பூசாரி கோயிலைத் திறந்து மாலையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்களும் தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து வந்தவர்களுமாகக் கூட்டம் சேர்ந்தது.

மாலையில் இருந்த எல்லா ரூபாய்களிலும் ராணியின் தலை தேய்ந்து தட்டையாக இருந்தது. பின்பக்கங்கள் மட்டும் கூர்மையாக இருந்தன.

"இதை எப்பிடி மினுக்கிறனீங்கள்?" என்று பூசாரியிடம் கேட்டேன்.

"புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்போங்க. ஒவ்வொரு திருவிழாவுக்கும்."

"ரெண்டு பக்கமும் தேய்க்கிறதோ?"

"முன்னாடி மட்டுந்தாங்க. பின்னாடி அம்மன் சேலைப் பக்கம், யாருக்குத் தெரியப்போவுது?"

இதைத்தான் அன்று பதுளையில் கேட்டிருக்க வேண்டும். மற்றக் காசுகளையும் கொண்டுவாருங்கள் என்று ஒரு வார்த்தை. குறையுள்ள காசை மட்டும் தனியாகப் பார்த்தால் அதிலிருக்கும் எல்லாமே குறையாகத் தெரியும். அதன் கூடப்பிறந்தவற்றைப் பக்கத்தில் வைத்தால்தான் எது குறை, எது வாழ்ந்த வாழ்க்கை என்று தெரியும்.

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை" என்றேன் தலைவரிடம். "இதை ஒருத்தரும் நெரிக்கேல்லை. இது நாணயச்சாலையிலயே இப்பிடித்தான் வந்தது."

"அது எப்புடிங்க?"

இங்கேதான் நான் இரண்டாவது முறை சறுக்கினேன். முதல் சறுக்கலைவிட இது எனக்கு அதிக வெட்கம். எப்படி என்று கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு கையை அச்சாகவும் மறு கையை வில்லையாகவும் வைத்துக் காட்டினேன். ஒட்டிக்கொண்ட காசு, அடுத்த அடி, குழிந்த முகம். பிள்ளைகள் முன்னால் வந்து நின்றார்கள். இப்படிப்பட்டது மிக அபூர்வம், நான் என் கையால் தொட்டுப் பார்த்தது இது ஒன்றைத்தான் என்றேன். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"நம்ம அம்மன்கிட்டதான் வந்து சேரணும்னு இருந்திருக்கு பாருங்க!"

"போன்ல காட்டுறாங்களே, அந்த மாதிரி காசா மிஸ்?"

காசு கை மாறிக்கொண்டே போனது. கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்:

"மிஸ், அப்ப எங்க வீட்டுக்காரரு?"

கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதித்த தடம் இன்னும் மறையாத முகம். யாரென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்தான் தாழ்ந்த குரலில் சொன்னார்: லெட்சுமி, சண்முகம் ஆசாரியின் மனைவி. கடையை மூடியபிறகு பிள்ளைகளோடு தன் தாய்வீட்டு லயத்துக்கு வந்து, தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கிறாளாம்.

அவ்வளவு நேரம் பேசியதில் ஆசாரியின் பெயரை நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. காசைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டு, மனிதரை மறந்துவிட்டேன்.

"அவர்... அவர் ஒண்டும் செய்யேல்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காசைச் சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

"அதெல்லாம் பொறகு கமிட்டியில பேசிக்கலாம் லெட்சுமி" என்றார் தலைவர். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். அபூர்வக் காசின் சந்தோஷத்தில் அதை மறைத்துக்கொண்டார். லெட்சுமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரையும் நிறுத்தி, கேளுங்கள் என்று உரக்கச் சொல்ல வேண்டிய கணம் அது. நான் சொல்லவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மொனராகலைக்குப் போனேன். ஆசாரியின் மச்சான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் காஸ் அடுப்புப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அந்த வெக்கையில், கரி படிந்த பனியனோடு ஆசாரி ஒரு அடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நல்லவேளை, அவர் கும்பிடவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். காரணங்களை விளக்கவில்லை. என்னுடைய பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு துணியால் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வளையம் பத்த வைக்கறப்ப நானும் அந்த முகத்தப் பாத்தேங்க" என்றார் கடைசியில். "பயந்துட்டேன். காட்டினா நான்தான் பண்ணேன்னு சொல்லிருவாங்கன்னு காட்டல. அன்னைக்கு உங்க ரூமுக்கு வந்தப்ப, படிச்சவங்க, சரியா சொல்லிருவாங்கன்னு நெனைச்சுத்தான் வான்ல ஏறுனேன். நான்தாங்க அவங்ககிட்ட சொன்னேன், பதுளைக்குப் போவம்னு."

அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னிடம் வருவோம் என்று சொன்னவரே அவர்தான்.

"நான் என்ன செய்யோணும், சொல்லுங்கோ" என்றேன்.

கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "தோட்டத்துல தெரிஞ்சிருச்சுன்னா சரி. எனக்குச் சோறு போட்டது பசறை டவுனுங்க. எங்க கடைக்கு எதுத்தாப்புல சாப்பாட்டுக் கடை இருக்கு. அங்கதான் எல்லாத்தையும் பேசுவாங்க. முடிஞ்சா அங்க சொல்லுங்க. முடியாட்டி பரவால்லீங்க."

முடியாட்டி பரவால்லை என்று அவர் சொன்னதால்தான் போனேன் என்று நினைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடை நிறைய ஆட்கள். கல்லாவில் இருந்தவரிடம், எதிர்க்கடை ஆசாரியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன்.

"அந்த அம்மன் காசக் கெடுத்தவனா?"

"அவர் கெடுக்கேல்லை. கெடுத்தவர் எண்டு பிழையாச் சொன்னது நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தமா சொல்லுங்கம்மா, அவங்களும் கேக்கட்டும்" என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் காட்டினார். சொன்னேன். சோற்றில் வைத்த கையோடு திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். ஒருவர், "ஆபிஸ்காரங்களுக்கு என்ன, வந்து சொல்லிட்டுப் போயிருவாங்க" என்றார். யாரும் என்னை அதட்டவில்லை. அதட்டும் அளவுக்கு அவர்களுக்கு அது முக்கியமாகவும் இல்லை.

அத்தோடு நிறுத்திவிட மனம் வரவில்லை. பக்கத்து மருந்துக்கடையில் சொன்னேன். துணிக்கடையில், சில்லறைக் கடையில், திரீவீலர் நிறுத்தத்தில் சொன்னேன். சிலருக்கு ஆசாரியையே ஞாபகமில்லை. ஒருவர் மேசை லாச்சியைத் திறந்து, "அப்புடியே இந்தக் காசையும் ஒரு பார்வை பாருங்க மிஸ்" என்றார். நான் கடை கடையாக ஏறி இறங்கிய செய்தி எனக்கு முன்பே பதுளைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அலுவலகத்தில் சிரித்தார்கள். பணிப்பாளர் சிரிக்கவுமில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உங்கள் மேசைக்கு வரும் காசு தனியாக வருவதில்லை. அதற்குப் பின்னால் யாராவது நிற்பார்கள். நீங்கள் 'வெளியே நேர்ந்தது' என்று சொல்லும்போது, அந்த வெளியில் ஒரு மனிதர் இருப்பார். அவசரப்படுத்தினால் எழுந்து வெளியே போய்விடுங்கள். மறுநாள் வரச் சொல்லுங்கள். தெரியவில்லை என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக இந்த அறையில் யாரும் வேலை இழந்ததில்லை.

பல மாதம் கழித்து ஆசாரி பசறைக்குத் திரும்பிவந்து கடையைத் திறந்தார் என்று கேள்விப்பட்டேன். கோயில் கமிட்டி மாலையை மீண்டும் அவரிடமே கொண்டுபோனதாம். பதுளையில் செய்துகொள்ளுங்கள் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மற்ற வேலைகள் வந்துகொண்டிருந்தன. முன்பு போல இல்லை.

ஓய்வு பெற்றபிறகு ஒருநாள் பசறை வழியாகப் போக நேர்ந்தபோது அந்தக் கடையைத் தேடிப் போனேன். ஆசாரி இல்லை. லெட்சுமி மட்டும் இருந்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள். ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"ஊரு பூரா சொன்னீங்களாம்" என்றாள். "சாப்பாட்டுக் கடைக்காரரு சொன்னாரு. திரீவீல்காரங்க சொன்னாங்க. ஆஸ்பத்திரிக் கியூவுலகூட ஒரு அம்மா சொன்னாங்க."

"ஓம்" என்றேன்.

"கேட்டது நானுங்களே மிஸ். எங்கிட்ட நீங்க சொல்லவே இல்ல."

தெருவில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது கடந்து போகும்வரை காத்திருந்தேன். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"உங்கட மனுசன் அந்தக் காசைக் கெடுக்கேல்லை, லெட்சுமி. நான் சரியாப் பார்க்காமச் சொல்லிட்டன். அண்டைக்குக் கோயில்ல நீங்கள் கேட்டபோதும் நான் பதில் சொல்லாமப் போயிட்டன்."

 "ம்" என்றாள். பிறகு உள்ளே போனாள்; திரைக்குப் பின்னால் அடுப்பை மூட்டும் சத்தம் கேட்டது. தேநீர் போடுகிறாளா, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.  அந்த ஸ்டூலில் உட்காரலாமா, கூடாதா என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருந்தேன்.